பல்லைப் புடிச்சுப் பார்த்தியா, மாப்ள?

வா மாப்ள, வா. செருப்பைக் கழட்டிப்போட்டு இந்தத் திண்ணையில உக்காரு. வெயில் என்ன போடு போடுது பாரு. சித்திரை இன்னும் முடியல, அதுக்குள்ள கெணத்து மோட்டார் கால் மணி நேரம் ஓடுனா காத்து வாங்குது. மொதல்ல ஒரு டம்ளர் மோர் குடி. பையனையும் கூட்டிட்டு வந்திருக்கறே, நல்லது. தலையை நிமித்தாம போன்லயே கெடக்கறான். கெடக்கட்டும், அவன் நிமிந்து நம்ம நாயத்தைக் கேட்டா நமக்குத்தான் சங்கடம்.

என்னது, பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கறாங்களா? பெத்தவங்க பாராட்டுன்னு புஸ்தகம் போடறாங்களாக்கு. நீ பத்து வரி எழுதிக் குடுக்கோணும். பாடம் நடத்தறதைப் பத்தி அஞ்சு வரி, ஆன்லைன் கிளாசைப் பத்தி அஞ்சு வரி, கூட ஒரு போட்டோ. தேங்காய்க் களத்துல மூட்டைக் கணக்கு எழுதறதைத் தவுத்துப் பத்து வருசமா நீ பேனாவைத் தொட்டதில்ல. அதனால மாமனைத் தேடிட்டு வந்துட்டே. 'நல்லாப் பாராட்டி எழுதிக் குடுங்க மாமா, நமக்கு அவிய தயவு வேணும்'ங்கறே. அட, இன்னைக்கு உன்ற வாயில இருந்து வந்த நெசமான வார்த்தை அதுதான். அதையே எழுதிக் குடுத்தீன்னா ஒரே வரியில வேலை முடிஞ்சு போச்சு.

சித்தெ இரு, சிரிக்காதே. பாராட்டறதுன்னு ஆச்சு, எதைப் பாராட்டறது? சொல்லு.

கட்டிடம். செரி. மூணு மாடி, லிப்டு, வாசல்ல நீரூத்து. நம்மூர்ல ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்குது, அங்க சும்மா நின்னுகிட்டுத் தண்ணி மேல எகிறுது, பாராட்ட வேண்டியதுதான். அப்பறம்? பஸ்ஸு. செரி. வாரத்துக்கு மூணு தினுசு யூனிபார்ம். செரி. மிஸ்ஸுங்க எல்லாம் இங்கிலீசுலயே பேசறாங்க. அதையும் வெச்சுக்கலாம். பாடம் எப்பிடி?

ஏன் மாப்ள, மோர் டம்ளருக்குள்ள என்னத்தைத் தேடறே?

ரெண்டு வருசத்துக்கு முன்ன கண்ணபுரம் சந்தையில நீ காளை வாங்குனது எனக்கு ஞாபகம் இருக்குது. மாரியாத்தா கோயில் தேர் சமயம், ஆளும் மாடும் எள்ளுப் போட்டா எள்ளு விழுகாத கூட்டம். ஒரு மயிலைக் காளை முன்னால நின்னே. காலைல ஏழு மணிக்கு நின்னவன் உச்சி வெயில் வரைக்கும் நகரல. வாயைத் தொறந்து நாக்கை ஒதுக்கிப் பல்லைப் பார்த்தே, நாலு பல்லுன்னே. குளம்பைத் தட்டுனே. வாலைப் புடிச்சுத் தூக்குனே. சுழி எங்கெங்க இருக்குதுன்னு நெத்தியில இருந்து முதுகு வரைக்கும் கையால தடவுனே. பத்தடி நடக்க வெச்சே, திருப்பி வெச்சே, முன்னங்கால் வெச்ச தடத்துல பின்னங்கால் விழுகுதான்னு குனிஞ்சு பார்த்தே. அப்பறம் தரகன் துண்டைப் போத்தி உன்ற விரலைப் புடிச்சான். துண்டுக்கு அடியில ஆயிரம் ஆயிரமா ஏத்தி எறக்கி, கடைசியில 'அக்கட்டால ஒண்ணு பார்த்துப்போட்டு வாறேன்'னு நடந்து காமிச்சே. அவன் கூப்பிட்டான். அதுக்கப்பறந்தான் மடியில இருந்த காசை எடுத்தே.

பையனைப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப எத்தனை நேரம் நின்னே? நான்தான் கூட வந்தேனே. அரை மணி நேரம். அதுல கால் மணி நேரம் ஏசி ரூம்புல உக்காந்து வேர்வை ஆத்துனோம். அவிய உன்ற பையனுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்த்தாங்க, ஏபிசிடி சொல்லுன்னாங்க, கலர் சொல்லுன்னாங்க, உன்ற படிப்பு என்ன, அம்மிணி படிப்பு என்ன, வருசத்துக்கு என்ன வருதுன்னு எல்லாச் சுழியும் பார்த்தாங்க. நீ அங்க யாரு பல்லைப் பார்த்தே? வெலையைக் கூட துண்டுக்கு அடியில பேசல, அச்சடிச்சே வெச்சிருந்தாங்க. அன்னைக்கு நீ வாங்கப் போனவன் இல்ல மாப்ள, விக்கப் போன ஆளாட்டம்தான் நின்னே.

நம்ம காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலை. ஆறு மாசம் ஆனா நெறம் மாறி மயிலை ஆயிரும். பள்ளிக்கூடத்துக்கும் அந்தக் கொணம் உண்டு. வைகாசியில அட்மிசன் நேரத்துல ஒரு நெறம், ஐப்பசியில ரெண்டாவது தவணை கேட்டு மெசேஜ் வாறப்ப ஒரு நெறம்.

கோவிச்சுக்காதே. ஆன்லைன் கிளாசுக்கு வருவோம். அதுல நான் நெம்ப அனுபவப்பட்டவன்.

2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டாங்களே, திருப்பூர்ல பனியன் கம்பெனியெல்லாம் கதவைச் சாத்துனதும் என்ற மகன் குடும்பத்தோட தோட்டத்துக்கு வந்து சேந்தான். பேரன் அப்ப மூணாவது போகோணும். சூன் மாசம் போன்ல பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. எங்க தோட்டத்துல சிக்னல் கெடைக்கற எடம் ரெண்டுதான். ஒண்ணு தண்ணித் தொட்டி மேல, இன்னொண்ணு வேப்ப மரத்தடியில ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்துல. தொட்டி மேல மருமவ விடல. அதனால பட்டிக்குப் பக்கத்துல கயித்துக் கட்டலைப் போட்டு, பழைய மரப்படியில போனைச் சாச்சு வெச்சு, பேரன் டை கட்டி உக்காந்தான். இடுப்புக்கு மேல யூனிபார்ம், கீழ அரை டவுசர்.

காடு கரைக்கு வேலைக்கு ஆளும் வரல, எனக்கும் பொழுது போகல. நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன். மூணு நாள் கேட்டதுல எனக்கு ஒரு சந்தேகம் வந்துபோச்சு. நாலாம் நாள் ரெண்டு போசியையும் ஒரு கை புளியங்கொட்டையும் எடுத்துட்டுப் போனேன். மிஸ்ஸு 'கேக்குதா', 'தெரியுதா', 'மியூட் பண்ணு', 'மியூட்டை எடு', 'யாரு வீட்டுல குக்கர் சத்தம்' இதுல எதைச் சொன்னாலும் எடது போசியில ஒரு கொட்டை. பாடத்துல ஒரு சங்கதி சொல்லி முடிச்சா வலது போசியில ஒரு கொட்டை. நாப்பது நிமிசம் முடிஞ்சு எண்ணிப் பார்த்தேன். எடது போசியில முப்பத்தி ஒண்ணு, வலதுல நாலு. அந்த நாலுல ஒண்ணு, பட்டியில ஆடு கத்துனப்ப 'தட் ஈஸ் எ கோட்'னு மிஸ்ஸு சொன்னது. அதை நான் கணக்குல சேத்துகிட்டேன், பாவம்.

அன்னைக்குச் சாயங்காலம் பெத்தவங்க வாட்சப்புல என்ன வந்துச்சு தெரியுமா? 'எக்ஸலண்ட் கிளாஸ் மேம்.' அதுக்குக் கீழ வரிசையாக் கும்பிட்ட கை. மருமவ போனை வாங்கி எண்ணுனேன், நாப்பத்தி மூணு. கிளாசுல இருந்த கொழந்தைங்களே முப்பத்தி எட்டு. மொதக் கும்பிடு போட்ட அம்மிணியோட பையன் அன்னைக்குப் பூரா கேமராவைக் காத்தாடிக்குத் திருப்பி வெச்சுட்டு எங்கயோ போயிட்டான். நான் நாப்பது நிமிசமும் அந்தக் காத்தாடி சுத்தறதைத்தான் பார்த்தேன், மூணு எறக்கை, ஒண்ணு கொஞ்சம் ஆட்டம்.

அந்த வருசம் சூலையில மத்திய சர்க்காரு ஒரு வழிமுறை போட்டுச்சு. ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் நாளைக்கு ரெண்டு தடவை, தடவைக்கு முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சு நிமிசந்தான் நடத்தோணும், பள்ளிக்கூடத்துக்கே போகாத குஞ்சு குளுவானுக்கு அரை மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு. நம்மாளுங்க என்ன பண்ணுனாங்க? 'காசு முழுசாக் கட்டறோம், அஞ்சு மணி நேரம் நடத்துங்க'ன்னு பள்ளிக்கூடத்துல போயி நின்னாங்க. சந்தையில சக்கையையும் சேத்து எடை போடச் சொன்ன ஒரே கூட்டம் இதுதான். காசுக்கும் அதே சூலையில ஐகோர்ட்டு ஒரு வழி சொல்லுச்சு. தனியார் பள்ளிக்கூடம் 75 சதம் வாங்கிக்கலாம், மொதல்ல 40, பள்ளிக்கூடம் தொறந்த பொறகு 35. ரூவாய்க்குச் சதம் சொன்ன சாமி, பாடத்துக்கு எத்தனை சதம்னு சொல்லாம விட்டுருச்சு. அதைப் புளியங்கொட்டை வெச்சு நாம்பளேதான் எண்ணிக்கோணும்.

வீட்டுப் பாடம் இன்னொரு கூத்து. எழுதிப் படம் புடிச்சு ஆப்புல ஏத்தோணும். ராத்திரி எட்டு மணிக்கு மருமவ ஆசாரத்துல உக்காந்து நோட்டை விரிச்சு எழுதறா. என்ன தாயி, எடது கையில எழுதறேன்னு கேட்டேன். 'சோத்தாங்கையில எழுதுனா எழுத்து அழகா வந்துருதுங் மாமா, மிஸ்ஸு கண்டுபுடிச்சுருவாங்க'ன்னா. பேரன் அந்நேரம் கொடாப்புல கோழி அடைச்சுகிட்டு இருந்தான். வருசக் கடைசியில மருமவளுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து 'ஸ்டார் பேரன்ட்'னு ஒரு சர்ட்டிபிகேட்டு வந்துச்சு, கலர் அச்சுல. அது நெம்ப நாயமான சர்ட்டிபிகேட்டு. அந்த வருசம் மூணாவது நெசமாப் படிச்சவ அவ ஒருத்திதான்.

எங்க காலத்துல பாராட்டு எப்பிடி இருந்துச்சுங்கறே? எங்கப்பன் என்னை இழுத்துட்டுப் போயி வாத்தியார் முன்னால நிறுத்தி, 'கண்ணு ரெண்டை மட்டும் உட்டுப்போட்டு மீதியை உரிச்சுருங்க சாமி'ன்னு சொல்லிப்போட்டு வந்தான். நோம்பி நாள்ல ஒரு படி பச்சரிசியும் ரெண்டு அச்சு வெல்லமும். பாராட்டுரை அவ்வளவுதான். தப்புதான், நான் இல்லேங்கல, என்ற முதுகு அதை இன்னும் மறக்கல. ஆனா அந்தக் காலத்துல மிச்சம் வெச்ச கண்ணைத்தான் மாப்ள இந்த ஆன்லைன் கிளாசு மொதல்ல எடுத்துகிட்டுது. பேரன் அஞ்சாவதுலயே கண்ணாடி. எனக்கு எழுவது வயசுலதான் போட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல டாக்டர்கிட்டப் போயி 'இது தெரியுதா, அது தெரியுதா'ன்னு பதில் சொல்லிட்டு வாறோம். அங்கயும் அதே ஆன்லைன் கிளாசுதான்.

இன்னொண்ணு சொன்னா நீ நம்ப மாட்டே. 1953ல நான் சின்னப் பையன். அப்ப ராஜாஜி மொதலமைச்சரு. கிராமத்துப் பள்ளிக்கூடத்துல மூணு மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் வீட்டுல அவனவன் அப்பன் தொழிலு பழகிக்கட்டும்னு ஒரு திட்டம். ஊரு ஒலகமே எதுத்துச்சு, மறு வருசம் காமராசர் வந்து எடுத்துப்போட்டாரு. நான் அந்த ஒரு வருசம் மத்தியானத்துக்கு மேல ஆடு மேய்ச்சேன். அறுவத்தேழு வருசம் கழிச்சுப் பார்த்தா, பேரன் காலைல போன் முன்னால உக்காந்துட்டு மத்தியானம் ஆடு ஓட்டிட்டுப் போறான், டையோட. எதுத்தவங்க பேரப் புள்ளைங்களும் அதேதான் பண்ணுச்சுங்க. இந்தத் தடவை யாரும் எதுக்கல, ஏன்னா பீஸ் கட்டியிருந்தோம்.

நான் வாத்தியாருங்களைக் கொறை சொல்றேன்னு நெனைச்சுக்காதே. அந்தப் புளியங்கொட்டை மிஸ்ஸு இருக்குதே, அது கைக்கொழந்தைக்காரி. பாடம் நடத்தறப்பவே பின்னால தொட்டிக் கயிறு 'கிரீச்சு கிரீச்சு'ங்கும். ஒரு கையில தொட்டியை ஆட்டிகிட்டு இன்னொரு கையில புஸ்தகத்தைக் கேமராவுக்குக் காமிக்கும். அந்த வருசம் அதுக்குப் பாதிச் சம்பளந்தான்னு பஸ் டிரைவர் சொன்னான். அவனுக்கு அதுவும் இல்ல, அவன் காய்கறி வண்டி ஓட்டுனான். பாதிச் சம்பளத்துக்கு, பச்சப் புள்ளையை வெச்சுகிட்டு, முப்பத்தி எட்டுக் காத்தாடியைப் பார்த்துகிட்டு நாலு சங்கதி சொல்லிக் குடுத்துச்சே, என்னால ஆகாது. அதைப் பாராட்டி ஒருத்தரும் ஒரு வரி போடல. ஒரு அப்பன் மட்டும் எழுதுனான். 'தொட்டில் சத்தம் டிஸ்டர்ப் ஆகுது'ன்னு.

செரி, உன்ற பையனைக் கூப்பிடு. ஏங் கண்ணு, இங்க வா. பயப்படாதே, பரீச்சை ஒண்ணுமில்ல. இந்த வடை சுத்தியிருக்கற பேப்பர்ல இந்த வரியை வாசி. 'அப்புச்சி, தமிழ் எனக்கு செகண்ட் லேங்குவேஜ்'ங்கறான். அது செரி, எனக்கு அது ஒண்ணேதான், அதனால எனக்கு வசதி. இங்கிலீசு? பையில எழுதியிருக்கறதை வாசி. அட, மடமடன்னு வாசிக்கறானே. என்ன அர்த்தம் கண்ணு? சிரிக்கறான். விடு. உங்கப்பன் களத்துல முப்பத்தி ஏழு மூட்டை, மூட்டைக்கு எம்பது காய், எத்தனை காய்? போனை எடுக்காதே. மாப்ள, நீ எதுக்கு வாயை அசைக்கறே, பரீச்சை அவனுக்கு.

இது உன்ற பையன் ஒருத்தன் சங்கதி இல்ல, வெசனப்படாதே. 2022ல அசர்னு ஒரு கணக்கெடுப்பு, நாடு பூராக் கிராமத்துல வீடு வீடாப் போயிக் கொழந்தைங்களை வாசிக்கச் சொன்னாங்க. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி ரெண்டும் சேத்துத்தான். மூணாவது படிக்கற நூறு பேர்ல ரெண்டாவது பாடத்தை வாசிச்சவன் 2018ல இருபத்தேழு பேரு, 2022ல இருபது பேரு. பெரிய வாத்தியார் டீக்கடையில சொன்னாரு. அவரு பேப்பரைப் படிக்காமப் பேச மாட்டாரு.

ஆனா கண்ணு, உனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒண்ணு எனக்குச் சொல்லு பாக்கலாம். என்ன வேணாலும். நெலாவா? நெலா எப்பிடித் தேயுதுன்னா? சொல்லு. எலுமிச்சங்காய் வேணுமா? அந்தா கூடையில கெடக்குது எடுத்துக்க. டார்ச்சு போன்லயே இருக்குது. நடைக்குள்ள வாங்கறான், இருட்டு வேணுமாக்கு. வா மாப்ள.

பார்த்தியா. டார்ச்சுதான் சூரியனாம், என்ற தலைதான் பூமியாம். எலுமிச்சங்காயைக் கை நீட்டிப் புடிச்சு என்னைச் சுத்திச் சுத்தி வாறான். பக்கவாட்டுல வந்தா அரைக் காய் வெளிச்சம். டார்ச்சுக்கும் எனக்கும் நடுவுல வந்தா எம்பக்கம் பூரா இருட்டு, அமாவாசை. எழுவத்தெட்டு வருசம் அமாவாசைக்கு எலை போட்டிருக்கறேன், இன்னைக்குத்தான் மாப்ள எனக்கு அமாவாசை புரிஞ்சுது. யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா? சயின்ஸ் மிஸ்ஸா. பொழுதோட நடக்கற ஆன்லைன் கிளாசுலயா! 'லைட்டை அணைச்சுட்டு வீட்டுல ஆளுக்கொரு எலுமிச்சங்காய் எடுத்துட்டு வாங்க'ன்னு சொன்னாங்களாக்கு.

இப்ப எடு பேனாவை. எழுது. 'எங்கள் மகனுக்கு நிலா தேய்வது எப்படி என்று ஒரு டீச்சர் ஆன்லைன் வகுப்பில் எலுமிச்சங்காயை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவன் அதைத் தன் மாமன் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவருக்கும் புரிந்தது.' போதும். டீச்சர் பேரைப் போடு. போன்லயும் ஆன்லைன்லயும் ஒண்ணுமே ஏறாதுன்னு சொல்லிகிட்டுத் திரிஞ்ச இந்தக் கெழவன் வாயையே அடைச்சுப்போட்டாங்க, இதை விடப் பாராட்டு வேற என்ன வேணும்?

என்ன முழிக்கறே? அந்த மிஸ்ஸு இப்ப இல்லியா? தீவாளிக்கே நின்னுட்டாங்களா? சம்பளம் கட்டுபடியாகாம... அட கெரகமே. அப்ப இந்த வரியை அவிய போட மாட்டாங்க. போன மாட்டைப் பாராட்டுனா இருக்கற மாட்டை எவன் வாங்குவான்.

செரி, பேனாவை மூடி வை. பையன் வெளிய போகட்டும், உனக்கு ஒரு சங்கதி சொல்றேன்.

உன்ற களத்துல தேங்கா ஒடைச்சுப் பருப்பு எடுக்கறாளே ஒருத்தி, மக ஆறாவது படிக்கறா. எந்தப் பள்ளிக்கூடம்னு தெரியுமா? தெரியாது. கூலி கணக்கு மட்டும் தெரியும். அந்தப் புள்ளை ஊரடங்கப்ப நம்மூர் யூனியன் ஆபீசு பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. வீட்டுல ஒரே போன், அதையும் அப்பன் லாரிக்கு எடுத்துட்டுப் போயிருவான். 2019ல ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சி அந்த வருசம் பாடம் போட்டுச்சு, டிவி முன்னால உக்கார வெச்சாங்க. கரண்டு இருந்தாப் பாடம். அந்த ஸ்கூல் சாரு பார்த்தாரு. வாரத்துக்கு மூணு நாள் டிவிஎஸ் மொபெட்டுல முன்னால ஒரு கரும்பலகையைச் சாச்சு வெச்சுகிட்டு வந்து, மாரியாத்தா கோயில் அரச மரத்தடியில தள்ளித் தள்ளி உக்கார வெச்சு நடத்துனாரு. அவரை யாரும் வரச் சொல்லல. மழை வந்தா பலகையைத் தலைக்கு மேல புடிச்சுகிட்டுப் போவாரு, சட்டை முதுகுல 'அ ஆ'ன்னு சாக்பீசு ஒட்டியிருக்கும்.

அப்பறம் 2021 அக்டோபர்ல மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல இல்லம் தேடிக் கல்வின்னு ஆரம்பிச்சு வெச்சாங்களே, நம்மூர்லயும் வந்துச்சு. டிகிரி முடிச்சுப்போட்டு வீட்டுல இருந்த ஒரு மருமவப் புள்ளை, மாசம் ஆயிரம் ரூவாய்க்குப் பொழுதோட திண்ணையில உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்துச்சு. ஆயிரம் ரூவா மாப்ள. உன்ற பையனுக்கு யூனிபார்ம் சாக்சு வாங்குனதே அதுக்கு மேல இருக்கும். போன மாசம் எனக்கு மாத்திரை தீந்து போச்சு. அட்டையைக் குடுத்து அந்தக் களத்துக்காரி மககிட்ட வாசிக்கச் சொன்னேன். பேரு வாசிச்சா, எத்தனை மில்லி கிராம்னு வாசிச்சா. அதோட நிக்கல, பின்னால திருப்பிப் பார்த்து, 'அப்பாரு, இது தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுங்'ன்னா. என்னைக் காப்பாத்துனது யாருன்னு நெனைக்கறே, அந்தக் கரும்பலகையா, டாக்டரா?

அந்த சாருக்கு யாரு பாராட்டுக் கடிதாசி எழுதுனது? யாருமில்ல. உன்ற களத்துக்காரி மட்டும் ஒரு நாள் அவரு மொபெட்டை மறிச்சா. சீலை முந்தியில இருந்து ஒரு தூக்குப் போசியை எடுத்துக் குடுத்தா. தொறந்து பார்த்தாரு. தேங்காப் பூ. முளைச்ச காயை ஒடைச்சா நடுவுல உருண்டையா வெள்ளையா இருக்குமே, அது நாலு. 'தின்னுங்க சார்'ன்னா. வேற ஒரு வார்த்தை பேசல, வெக்கப்பட்டுகிட்டுப் போயிட்டா. சாரு மரத்தடியிலயே உக்காந்து மொதல்ல ஒண்ணைத் தின்னாரு, மிச்சத்தைப் புள்ளைங்களுக்குப் பிச்சுக் குடுத்தாரு. காயி உன்ற களத்துதுதான். அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்காதே, நான் சொல்லிட்டேன்னு இருக்கட்டும்.

வேடிக்கை என்னன்னா, அந்த யூனியன் பள்ளிக்கூடத்துல கேள்வி கேக்கறதுக்குச் சட்டமே இருக்குது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு. 2022ல நம்ம ஊர்ல இருபது பேரு, அதுல பதினஞ்சு பேரு பெத்தவங்க, தலைவியா ஒரு அம்மிணி. பாடம் நடக்குதா, வாத்தியார் வாறாரா, கக்கூசுல தண்ணி வருதான்னு நிறுத்தி வெச்சுக் கேக்கலாம். 2022 மார்ச்சுல அதைப் புதுசாப் போடறோம்னு தமுக்கடிச்சுக் கூப்பிட்டாங்க. போனது எத்தனை பேரு? உன்ற களத்துக்காரி போனா, அன்னைக்குக் கூலியை நீ புடிச்சுகிட்டே. நீ காசு கட்டற எடத்துல அப்பிடி ஒரு குழுவும் கெடையாது, சட்டம் அவியளைக் கேக்கல. கேள்வி கேக்கற எடத்துக்குக் கூப்பிட்டா போறதில்ல, கைதட்டற எடத்துக்குக் கூப்பிட்டா புதுச் சட்டை போட்டுகிட்டுப் போறோம். பெத்தவனுக்கு 75ங்கற நம்பர்கிட்ட என்னவோ ராசி மாப்ள. இங்க 75 சதம் காசு கட்டுனோம், அங்க 75 சதம் நாற்காலி போட்டு வெச்சும் உக்காரல.

செரி செரி, மூஞ்சியைத் தூக்காதே. பத்து வரி வேணும், அவ்வளவுதானே. நான் வழி சொல்றேன். 'அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள்', 'நவீன வசதிகள்', 'ஒவ்வொரு மாணவர் மீதும் தனிக் கவனம்', இந்த மூணையும் மாத்தி மாத்திப் போடு. அவிய அதைத்தான் எதிர்பார்க்கறாங்க, படிச்சே பார்க்காம அச்சுக்கு அனுப்பிருவாங்க. உன்ற பையன் பேரு எதுன்னு கூட அதுல வர வேண்டியதில்ல. பக்கத்து வீட்டுப் பையன் அப்பனும் அதையேதான் எழுதியிருப்பான், ரெண்டு போட்டோவும் மாறிப் போயிட்டாலும் யாருக்கும் தெரியாது.

என்னது? நான் மட்டும் பாராட்டலியான்னு கேக்கறே? எங்க பார்த்தே? பஸ் ஸ்டாண்டுல பேனர்லயா?

அட, அந்தக் கூத்தை நீ கேக்கலியா. போன தை மாசம் பேரன் பள்ளிக்கூடத்துல தாத்தா பாட்டி நாள்னு கூப்பிட்டாங்க. வேட்டியைத் தேச்சுக் கட்டிட்டுப் போனேன். மருமவ காலைலயே ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா, 'கேமராவுல கேட்டா இதைச் சொல்லுங் மாமா'ன்னு. டெடிகேட்டட் டீச்சர்சு, இன்டராக்டிவ் ஆன்லைன் கிளாசு, ஹோலிஸ்டிக்னு ஒண்ணு. ஹோலிங்கறது வடக்க கலர்ப்பொடி வீசுவாங்களே அதா தாயின்னு கேட்டேன், பதில் வரல. அங்க பந்தல்ல உக்கார வெச்சுப் பேப்பர் கப்புல மோர் குடுத்தாங்க. கொத்தமல்லி, இஞ்சி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, நம்ம வீட்டு மோராட்டம். 'எப்பிடி இருக்குதுங் தாத்தா'ன்னு குடுத்த புள்ளை கேட்டுச்சு. 'நெம்ப நல்லாருக்குது கண்ணு'ன்னேன். இன்னொரு கப்பு நீட்டுச்சு. வயசான வயிறு, 'போதும் தாயி'ன்னு ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து மைக்கும் கேமராவும் பக்கத்துல நின்னுருக்குது.

அப்பறமும் கேட்டாங்க. பள்ளிக்கூடத்தைப் பத்தி முழுசா ஏழெட்டு நிமிசம் சொன்னேன், புளியங்கொட்டை, தொட்டிக் கயிறு, எடது கை எழுத்து எல்லாம். கேட்டுகிட்டே இருந்த புள்ளை, 'பேட்டரி தீந்துருச்சுங் தாத்தா'ன்னு கேமராவை மடக்கிட்டுப் போயிருச்சு. அடுத்த வாரம் வாட்சப்புல பார்த்தா நான் வாறேன், ஏழு செகண்டு. 'நெம்ப நல்லாருக்குது.' கும்பிடறேன். பின்னால மேளம். அதே கும்பிடுதான் இப்ப பேனர்ல இருக்குது, 'எங்கள் பள்ளியைப் பற்றிப் பெரியவர்கள்...'னு போட்டு. 'கண்ணு'ங்கறதை மட்டும் அறுத்துட்டாங்க.

ஏன் மாப்ள, மூஞ்சி ஏன் இப்பிடிப் போகுது?

பாப்பாவையுமா? எல்கேஜிக்கு? எப்ப? போன வாரமா? 'மாமாவே பேனர்ல கும்பிட்டுச் சொல்லியிருக்கறாரே'ன்னா சேத்தே? அட்வான்சும் கட்டிட்டியா? ரசீது குடுத்தாங்களா? செரி.

இந்தா, இன்னொரு டம்ளர் மோர் குடி மாப்ள.